செட்டிங்ஸ் ஜன்னலை எந்த மொழியில் எழுதுவது?

(கொல்கத்தாவில் தமிழ் வாசகர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் வேலை முடித்து நேராக வந்திருக்கும் இளைஞர்கள் இங்கே இருக்கிறீர்கள். லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களின் பெரியவர்களும் இருக்கிறீர்கள். இரு சாராருக்கும் புரியும்படி கணினி பற்றிப் பேசச் சொன்னார்கள். இரு சாரார் வீட்டிலும் இருக்கும் ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன்.

கணினியில் பிரிண்டர் சேர்க்கிறோம், வைஃபை இணைக்கிறோம், நேரம் திருத்துகிறோம், பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு திறக்கிறோம், கீபோர்டை வங்காளத்துக்கோ தமிழுக்கோ மாற்றுகிறோம். இதற்கெல்லாம் ஒரு செட்டிங்ஸ் ஜன்னல் திறக்கிறது. லினக்ஸ் கணினியில் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகள். ‘ஈடிசி’ என்ற அடைவுக்குள் இருக்கும். நாம் பொத்தானை அழுத்தினால் யாரோ எழுதிய நிரல் அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றுகிறது. அந்த நிரலை எந்த மொழியில் எழுதுவது? சி மொழியிலா, பெர்லிலா, பைத்தானிலா, ரூபியிலா, ரஸ்டிலா?

இந்தக் கேள்வி எழுந்தால் பேச்சு உடனே வேகத்துக்குப் போய்விடும். எது விரைவாக ஓடும், எது குறைந்த நினைவகம் எடுக்கும் என்று வாதம் நடக்கும். செட்டிங்ஸ் ஜன்னலை மாதத்துக்கு ஒரு தடவை திறப்போமா? அது அரை விநாடி தாமதமாகத் திறந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எழுதியவர் வேறு ஊருக்கு, வேறு வேலைக்குப் போன பிறகு அதை யார் பழுது பார்ப்பார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். மொழியைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த ஆளையும் நாம் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். என் பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான்.

இந்த நகரத்தில் இதைப் பேசப் பொருத்தம் உண்டு. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி வந்து இறங்கியது பாராநகரில், பி.சி. மஹலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில். 1950களின் நடுவில் எச்இசி-2எம் என்ற பிரிட்டிஷ் இயந்திரம் அங்கே வந்தது. பிறகு சோவியத்தின் யூரால் வந்தது. 1966இல் அந்த நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஐஎஸ்ஐஜேயூ-1 இயங்கத் தொடங்கியது. எச்இசி-2எம்முக்கு இயந்திர மொழியிலேயே நிரல் எழுதினார்கள். இயக்கியவர், எழுதியவர், பழுது பார்த்தவர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அறையில் இருந்தார்கள். இன்று ஒரு பள்ளி ஆசிரியையோ ஜெராக்ஸ் கடைக்காரரோ தம் கணினியின் செட்டிங்ஸ் நிரலை எழுதியவரைச் சந்திக்கப் போவதே இல்லை. அந்த இடைவெளியில்தான் மொழித் தேர்வின் முழுப் பாரமும் விழுகிறது.

அடுத்து, ஏன் ஜன்னல்? கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் போதாதா என்று கேட்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் போதுமென்றால் அந்த வாதம் நிற்கும். நமக்கு நிற்காது. லினக்ஸின் எழுத்துத் திரையில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களைத்தான் ஏற்ற முடியும். ஒவ்வொன்றும் ஒரே அகலக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். தமிழில் ‘கெ’ எழுதினால் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் வர வேண்டும். வங்காளத்திலும் அப்படித்தான், அதோடு கூட்டெழுத்துகள் வேறு ஒன்றோடொன்று உருகி நிற்கும். அந்தத் திரைக்கு இது எதுவும் தெரியாது. டெபியன் லினக்ஸ் 2007 ஏப்ரலில் வெளியிட்ட 4.0 பதிப்பில் முதன்முறையாக வரைகலை நிறுவியைச் சேர்த்தது. அதற்குச் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, இத்தகைய எழுத்துமுறைகளை எழுத்துத் திரையில் காட்ட முடியவில்லை என்பது. இன்றுவரை டெபியனைத் தமிழிலோ வங்காளத்திலோ நிறுவ வேண்டுமென்றால் வரைகலை நிறுவியைத்தான் திறக்க வேண்டும். ஆகவே நமக்கு ஜன்னல் என்பது அடிப்படைத் தேவை. எந்த நிரல்மொழியைத் தேர்ந்தாலும் ஜிடிகே, கியூட்டி போன்ற ஜன்னல் நூலகங்களோடு அது ஒழுங்காகப் பேச வேண்டும் என்ற நிபந்தனை இதிலிருந்தே வருகிறது.

இனி, மற்றவர்கள் தேர்ந்த மொழிகளும் அவை பட்ட பாடும்.

1990களின் கடைசியில் ரெட் ஹாட் லினக்ஸில் லினக்ஸ்கான்ஃப் என்ற கருவி இருந்தது. சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாற்றலாம். ஆனால் கையால் கோப்பைத் திருத்தி வைத்திருப்பவர்கள் அதைக் கண்டால் பயந்தார்கள். அவர்கள் எழுதியதன் மேல் தன் போக்கில் எழுதிவிடும் என்ற பெயர் அதற்கு உண்டு. இந்தக் குற்றம் மொழியினுடையது ஆகாது. கோப்பில் இருக்கும் குறிப்புரைகளையும் வரிசையையும் காப்பாற்றிக்கொண்டே ஒரு வரியை மட்டும் மாற்றுவது கடினமான வேலை. பிற்காலத்தில் ஆஜியஸ் என்ற நூலகம் இதற்கென்றே வந்தது. எந்த மொழியில் எழுதினாலும் அடுத்தவர் கையால் எழுதியதை அழிக்கும் கருவியை நான் ஏற்க மாட்டேன்.

மான்ட்ரேக் லினக்ஸ் பெர்லில் எழுதியது. அதன் வாரிசான மஜீயாவில் அந்தக் கருவிகள் இன்னும் ஓடுகின்றன. பெர்ல் எழுத்துக் கோப்புகளைக் கையாளப் பிறந்த மொழி, அந்த வகையில் பொருத்தமே. ஆனால் இன்று பெர்லைப் புதிதாகப் படிக்க வரும் மாணவரைத் தேட வேண்டியிருக்கிறது.

சற்று நின்று சொல்ல வேண்டியது யாஸ்டின் கதை. அது ஜெர்மனியின் சூசே லினக்ஸோடு வந்த கருவி. தமிழ்நாட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. 2006, 2007 வாக்கில் சி. உமாசங்கர் தலைமையில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைத் தன் அலுவலகக் கணினிகளில் ஏற்றது, அரசின் பிற இடங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டு சென்றது. அந்தக் கணினிகளில் பிரிண்டரோ நெட்வொர்க்கோ அமைக்க வேண்டுமென்றால் திறக்க வேண்டியது யாஸ்ட்.

யாஸ்ட் நன்றாகச் சிந்தித்துச் செய்த கருவி. ஒரே நிரல் வரைகலை ஜன்னலாகவும் ஓடும், திரை இல்லாத சர்வரில் எழுத்து வடிவிலும் ஓடும். ஜன்னலை வரைவது தனி நூலகத்தின் வேலை; என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் நிரலின் வேலை. இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த நிரலை எழுத அவர்கள் தமக்கென்று ஒரு புது மொழியையே உருவாக்கினார்கள். அதன் பெயர் ஒய்சிபி. யாஸ்டைத் தவிர உலகில் வேறெங்கும் அந்த மொழிக்குப் பயன் இல்லை. புத்தகம் இல்லை, படிப்பிக்கும் கல்லூரி இல்லை, கற்றுக்கொண்டால் வேறு வேலைக்கு உதவாது. 2004இல் மூல நிரலை ஜிபிஎல் உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். உரிமத்தின் கதவு திறந்தது, மொழியின் கதவு மூடியே இருந்தது. சென்னையிலோ திருச்சியிலோ ஒரு கல்லூரி மாணவர் பள்ளிக் கணினியில் கண்ட யாஸ்டின் குறையைத் திருத்த ஆசைப்பட்டால், முதலில் ஒய்சிபி படிக்க வேண்டும். அந்த ஆசை அங்கேயே அணைந்துவிடும்.

சூசே நிறுவனமே இதை உணர்ந்தது. ஒய்சிபியில் இருந்த நிரல் முழுவதையும் ரூபி மொழிக்கு மாற்றும் ஒரு மொழிபெயர்ப்பு நிரலை எழுதி, 2013இல் எல்லாவற்றையும் தானாகவே மாற்றினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வந்த ஓப்பன்சூசே 13.1 ரூபி யாஸ்டோடு வந்தது. துணிச்சலான வேலை, பாராட்ட வேண்டும். ஆனால் இயந்திரம் மொழிபெயர்த்த நிரலை மனிதர் வாசித்துப் பராமரிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஆண்டுகள் பிடித்தன. 2025இல் வெளியான ஓப்பன்சூசே லீப் 16இல் யாஸ்ட் ஓய்வு பெற்றது. பிரவுசர் வழியாக இயங்கும் காக்பிட்டும் வேறு சில கருவிகளும் அந்த இடத்துக்கு வந்தன. யாஸ்ட் தன் வாழ்நாளின் முதல் பாதியில் வெளியார் கைகளை இழந்தது. அதற்கு அந்தச் சொந்த மொழியே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சம்பவம். லினக்ஸின் மையமான கெர்னலைத் தொகுக்கும் முன் அதன் தேர்வுகளைக் குறிக்க ஒரு கருவி உண்டு. 2000களின் தொடக்கத்தில் எரிக் ரேமண்ட் அதைப் பைத்தானில் புதிதாக எழுதிக் கொடுத்தார். பெயர் சிஎம்எல்2. கெர்னல் எழுதுபவர்கள் ஏற்கவில்லை. பல காரணங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, கெர்னலைத் தொகுக்க இனி எல்லார் கணினியிலும் பைத்தான் இருந்தாக வேண்டும் என்பது. 2002இல் ரோமன் ஜிப்பல் சி மொழியில் எழுதிய கேகான்ஃபிக் அந்த இடத்தைப் பிடித்தது. பைத்தான் எனக்குப் பிடித்த மொழிதான். ஆனாலும் அந்த முடிவு சரி. கெர்னல்காரர்கள் கையில் சி கம்பைலர் ஏற்கெனவே இருக்கிறது, அவர்கள் எல்லாருக்கும் சி தெரியும். பழுது பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு அங்கே கிடைத்த விடை அது.

ரெட் ஹாட் வேறு விடை கண்டது. 2002இல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 8.0 முதல் பிரிண்டர், நெட்வொர்க், தேதி, பயனர் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறு கருவி, எல்லாம் பைத்தானில், ஜிடிகே ஜன்னலோடு. சின்னச் சின்ன நிரல்கள். திறந்து வாசித்தால் ஒரு மாலையில் புரிந்துவிடும். உபுண்டுவும் பல கருவிகளில் அதே வழியில் போனது. 

பைத்தானுக்கும் விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதி முடிந்தது. அதற்கு முன்பே பழைய ஜிடிகே இணைப்பும் கைவிடப்பட்டிருந்தது. அந்தச் சிறு கருவிகளில் பல இந்த இரட்டை மாற்றத்தைத் தாண்டவில்லை. கவனிக்க ஆள் இருந்தவை தாண்டின. பிரிண்டர் கருவி பைத்தான் 3க்கு மாறி இன்றும் ஓடுகிறது.

இன்னொரு ஆபத்தை இங்குள்ள மாணவர்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். உபுண்டுவில் புதிய பைத்தான் பதிப்பு வேண்டுமென்று, கணினியோடு வந்த பைத்தானின் இணைப்பையே மாற்றிவிடுவார்கள். அடுத்த தடவை கட்டளைத் திரையான டெர்மினல் திறக்காது, ஏனென்றால் உபுண்டுவின் பல பதிப்புகளில் டெர்மினலைத் துவக்குவதே ஒரு சிறு பைத்தான் நிரல். பழுது பார்க்க வேண்டிய கருவியும் பழுதான பொருளும் ஒன்றாகிவிட்டால் எங்கே நின்று சரிசெய்வது? இதனால்தான் ரெட் ஹாட் 2019இல், நிறுவனங்களுக்கான தன் லினக்ஸின் (ஆர்எச்இஎல்) எட்டாம் பதிப்பில் கணினியின் சொந்த வேலைக்கென்று தனிப் பைத்தானை ஒதுக்கி வைத்தது. டெபியனும் உபுண்டுவும் 2023 முதல், பைத்தான் நூலகங்களை நிறுவும் ‘பிப்’ கட்டளை கணினியின் பைத்தானில் கை வைக்காதபடி தடுக்கின்றன. ஃபெடோராவில் மென்பொருள் நிறுவும் டிஎன்எஃப் கருவி 2024இல் பைத்தானை விட்டு சி பிளஸ் பிளஸுக்குப் போனது. கணினியை மீட்டெடுக்கும் கருவி மெல்லிய தரையில் நிற்கக் கூடாது.

இப்போது மிக முக்கியமான இடம். செட்டிங்ஸ் ஜன்னலுக்குக் கணினியின் முழு அதிகாரமும் வேண்டுமா? பழைய கருவிகள் அப்படித்தான் ஓடின. கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு ஜன்னல், படங்கள், எழுத்துரு, மெனு எல்லாவற்றையும் ரூட் என்ற அந்த முழு அதிகாரத்தில் ஓட்டின. அது தவறான ஏற்பாடு. வங்கியில் கவுன்ட்டரில் இருப்பவரிடம் பெட்டக அறையின் சாவியைக் கொடுப்பதில்லை. அவர் சீட்டை உள்ளே அனுப்புவார், உள்ளே இருப்பவர் சரிபார்த்துக் கொடுப்பார். இன்று லினக்ஸில் டிபஸ் என்ற செய்திப் பாதையும் போல்கிட் என்ற அனுமதிக் காவலும் இந்த வேலையைச் செய்கின்றன. ஜன்னல் சாதாரணப் பயனரின் அதிகாரத்தில் ஓடும். நேரத்தை மாற்று என்று செய்தி அனுப்பும். பின்னால் ஒரு சிறு சேவை அனுமதியைச் சரிபார்த்து, அந்த ஒரு காரியத்தை மட்டும் செய்யும்.

இப்படிப் பிரித்துவிட்டால் மொழிக் கேள்வியும் இரண்டாகப் பிரிகிறது. முன்பக்கத்துக்கு ஒரு மொழி, பின்பக்கத்துக்கு வேறொரு மொழி. இரண்டுக்கும் அளவுகோல் வேறு.

பின்பக்கத்துக்கு என்ன அளவுகோல் என்பதை போல்கிட்டே கற்றுக் கொடுத்தது. 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் ஒரு பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டது. ‘பவ்ன்கிட்’ என்று பெயரிட்டார்கள். போல்கிட்டோடு வரும் பிகேஎக்ஸெக் என்ற சிறு கட்டளையை, அதன் பெயர்கூட இல்லாத காலி ஆர்க்யுமென்ட் பட்டியலோடு அழைத்தால், நிரல் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் நினைவகத்தை வாசித்து எழுதிவிடும். சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் ஆகிவிடலாம். அந்தப் பிழை 2009 மே மாதத்திலிருந்து அங்கேயே இருந்தது. சி மொழியில் எழுதிய நிரல். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எல்லாப் பெரிய லினக்ஸ் பதிப்புகளிலும் அது பயணம் செய்திருக்கிறது. நினைவக எல்லையைத் தானே காவல் காக்கும் ரஸ்ட் போன்ற மொழிகளை இத்தகைய இடங்களுக்கு நான் ஏன் பரிந்துரைக்கிறேன் என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

அதே போல்கிட் 2012இல் அனுமதி விதிகளை எழுத ஜாவாஸ்கிரிப்டை ஏற்றது. விதி எழுதுபவருக்கு வசதிதான். ஆனால் ஒரு காவலாளியின் உள்ளே ஃபயர்ஃபாக்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரமே வந்து உட்கார்ந்தது. டெபியன் அதை ஏற்காமல் பத்தாண்டு பழைய பதிப்பிலேயே நின்றது. வசதியான மொழி என்பதற்காகப் பாதுகாப்பின் மையத்தில் ஒரு பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

நம் இரு மொழிகளுக்கும் நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றைச் சொல்கிறேன்: கீபோர்டு. லினக்ஸில் முன்பு எஸ்சிஐஎம் என்ற உள்ளீட்டுக் கருவி இருந்தது, சி பிளஸ் பிளஸில். அது ஒவ்வொரு பயன்பாட்டுக்குள்ளும் நுழைந்து ஓடும். சி பிளஸ் பிளஸ் நூலகத்தின் ஒரு பதிப்பில் தொகுத்த பயன்பாடும் வேறொரு பதிப்பில் தொகுத்த உள்ளீட்டுக் கருவியும் ஒரே இடத்தில் சந்தித்தால் பயன்பாடு சரிந்துவிடும். பிறகு வந்த ஐபஸ் பாடம் கற்றது. மையம் சி மொழியில், பேச்சு டிபஸ் வழியாக, செட்டிங்ஸ் ஜன்னல் பைத்தானில். 2009இல் ஃபெடோரா 11 அதை இயல்பான கருவியாக ஏற்றது.

இந்த நகரத்தில் வங்காள நண்பர்கள் தட்டச்சுக்குப் பரவலாகப் பயன்படுத்தும் அப்ரோவை எல்லாரும் அறிவீர்கள். டாக்காவைச் சேர்ந்த மெஹ்தி ஹசன் கானின் படைப்பு, 2003இல் வெளிவந்தது. விண்டோஸ் பதிப்பு டெல்ஃபியில். ஐபஸுக்கான பதிப்பை வேறொருவர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினார். ஒரே கருத்து, ஆனால் ஒரு மொழியில் எழுதியது மற்றொன்றுக்கு உதவவில்லை. மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக எம்17என் என்ற நூலகம் வேறு பாதை காட்டுகிறது. நம் தமிழ்99 விசைப்பலகையும் வங்காளத்தின் பிரபாத் விசைப்பலகையும் அங்கே வெறும் அட்டவணைக் கோப்புகள். எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வரிவரியாக எழுதியிருக்கும். நிரல் எழுதத் தெரியாத ஒரு தமிழாசிரியர்கூட அதைத் திறந்து பிழை கண்டு திருத்தலாம். தகவலாக எழுத முடிந்ததை நிரலாக எழுத வேண்டாம் என்பதை இளைஞர்களுக்கு அழுத்தமாகச் சொல்வேன்.

மொழிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. “இன்ன பயனரை இன்ன குழுவிலிருந்து நீக்க முடியவில்லை” என்ற செய்தியில் பெயர்கள் வரும் வரிசை ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, தமிழில் வேறு மாதிரி. நிரலாளர் துண்டு துண்டாக ஒட்டிச் செய்தியை உருவாக்கினால் தமிழ் வாக்கியம் உடைந்துதான் வரும். பைத்தானில் இடங்களுக்குப் பெயர் வைத்து ஒரே வாக்கியமாக எழுதலாம். மொழிபெயர்ப்பாளர் விரும்பியபடி வரிசையை மாற்றிக்கொள்வார். அதே பைத்தானில் எஃப்-ஸ்ட்ரிங் என்ற குறுக்குவழியைப் பயன்படுத்தினால், மொழிபெயர்ப்பைத் தேடித் தரும் கெட்டெக்ஸ்ட் கருவி அதைப் பார்ப்பதற்கு முன்பே பெயர்கள் உள்ளே நிரம்பிவிடும், மொழிபெயர்ப்பு கிடைக்காது. ஆக மொழி மட்டும் போதாது, அதைக் கையாளும் பழக்கமும் வேண்டும்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இன்று ஒருவர் நம் பள்ளிகளுக்கோ அலுவலகங்களுக்கோ ஒரு செட்டிங்ஸ் கருவி எழுதப் புறப்பட்டால், முன்பக்கத்தைப் பைத்தானில் எழுதட்டும், ஜிடிகேயோ கியூட்டியோ அவர் விருப்பம். பின்பக்கத்தை இயன்றவரை எழுதவே வேண்டாம். நேரம், கணினியின் பெயர், மொழி அமைப்பு ஆகியவற்றுக்கு லினக்ஸோடு வரும் சிஸ்டம்டியின் சேவைகள் இருக்கின்றன. நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மேனேஜர் இருக்கிறது. பிரிண்டருக்குக் கப்ஸ் இருக்கிறது. அவற்றோடு பேசினால் போதும். அவை செய்யாத ஒன்று தேவைப்பட்டால் மட்டும், மிகச் சிறிய சேவையாக ரஸ்டில் எழுதட்டும். பிரவுசர் வழிக் கருவிகளை சர்வர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நாலு ஜிபி நினைவகத்தோடு ஓடும் பள்ளிக் கணினியில் நேரம் மாற்ற ஒரு பிரவுசரை எழுப்ப வேண்டியதில்லை.

பைத்தானைச் சொல்வதற்கு என் காரணம் எளிமையானது. தமிழ்நாட்டில் 2019இல் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருக்கிறது, தமிழ் வழியிலும் இருக்கிறது. அதில் சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானிலிருந்து இயக்குவதற்கென்றே ஒரு பாடம் உண்டு. சிபிஎஸ்இ பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பைத்தான்தான். கருவியை எழுதியவர் பெங்களூருக்கோ பெர்லினுக்கோ போன பிறகு, அதைத் திறந்து வாசிக்கக்கூடிய பதினேழு வயதுப் பிள்ளை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். ஒய்சிபிக்கு அந்தப் பிள்ளை கிடைக்கவில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் லினக்ஸ் கணினியின் மொழியைத் தமிழுக்கோ வங்காளத்துக்கோ மாற்றிவிட்டு, பிரிண்டர் கருவியையோ ஐபஸ் செட்டிங்ஸையோ திறந்து பாருங்கள். ஒரு வாக்கியம் உடைந்திருக்கும், ஓரிடத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருக்கும், எங்காவது ஆங்கிலம் அப்படியே நிற்கும். மூல நிரலை இறக்கி அந்த ஒன்றைத் திருத்தி அனுப்புங்கள். இரண்டின் மூல நிரலும் எல்லாருக்கும் இலவசமாகவே திறந்திருக்கிறது.